கையெழுத்தும் கடமையும்

(பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் 'நன்றாகப் படியுங்கள், முன்னுக்கு வாருங்கள்' என்று நாலு வார்த்தை பேசிவிட்டு உட்காருவது வழக்கம். நானும் அதையே சொல்ல வந்தவன்தான். ஆனால், படித்து முன்னுக்கு வந்து என்ன செய்யப் போகிறோம் என்பதையும் கொஞ்சம் சிந்திக்க வேண்டாமா? நம் பெற்றோர்களில் பலரைக் கேட்டால், "எப்படியாச்சும் புள்ள படிச்சு ஒரு கவர்மெண்டு வேலைக்குப் போயிட்டாப் போதும் சார்" என்கிறார்கள். நல்ல ஆசை. நிறைவேற வேண்டிய ஆசை. அந்தக் கவர்மெண்டு வேலை எப்படிப்பட்ட வேலை, அதில் உட்காருகிறவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஆபீசர் என்பவர் யார்?

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். கிராணி செக்ரோலில் பேர் போடுவார். பால் வெட்டிக் கொண்டுவந்து நிறுக்கும்போது, நம் பெரியவர்கள் தராசு முள்ளின்மேல் ஒரு கண்ணும் கிராணியின் பென்சிலின்மேல் ஒரு கண்ணுமாக நிற்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட, "ஐயா, முள்ளு இன்னும் நிக்கலீங்களே, அதுக்குள்ள எழுதிட்டீங்களே?" என்று கேட்கும். கேட்டதில் தப்பு உண்டா? அன்றைய உழைப்பு முழுவதும் அந்தப் பென்சில் முனையில் அல்லவா இருக்கிறது! பென்சில் ஒரு எண் தவறினால், அந்த வீட்டுச் சட்டியில் அரிசி குறையும்.

அரசாங்க அதிகாரியின் பேனாவும் அப்படிப்பட்டதுதான். பிள்ளை பிறந்தால் பிறப்புப் பத்திரம், பன்னிரண்டு வயதானால் அடையாள அட்டை, கடை வைத்தால் லைசன்ஸ், வீடு கட்டினால் பிளான் அனுமதி. நம் வாழ்க்கையின் ஒவ்வொரு படியிலும் யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. அவர் வாங்கும் சம்பளம் மக்கள் கட்டும் வரிப்பணம். வீட்டுக்கு மதிப்பீட்டு வரி, மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி என்று நாமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே முகப்பில் போய் நிற்கும்போது நாம் பிச்சை கேட்கப் போகவில்லை. தராசைப் பார்த்து நின்ற அந்தப் பாட்டிக்கு இருந்த உரிமை நமக்கும் உண்டு.

அம்பாங் கண்ட பெருந்துயரம்

பேனா தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். நம் அம்பாங் வட்டாரத்துக்குள்ளேயே அதற்குச் சாட்சி உண்டு.

அம்பாங் என்ற சொல்லுக்கு நீரைத் தேக்கும் அணை என்று பொருள். 1857ஆம் ஆண்டில் ஈயம் தோண்டுவதற்காகச் சீனத் தொழிலாளர்கள் 87 பேர் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்து, காட்டுக்குள் நடந்து இந்த இடத்தை அடைந்தார்கள். பெரும்பாலோர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். பின்னால் வந்தவர்கள் அணை கட்டி, நீரைத் திருப்பி, ஈயம் எடுத்தார்கள். தண்ணீருக்குக் கட்டுப்பாடு வைத்ததனால் பெயர் பெற்ற ஊர் இது. அப்படிப்பட்ட வட்டாரத்திலேயே தண்ணீரை அலட்சியம் செய்ததனால் 48 உயிர்கள் போயின.

உலு கிள்ளானில் மலைச்சரிவின் அடியில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற பெயரில் பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் மூன்று நின்றன. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், சனிக்கிழமை. பல நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தது. நண்பகல் கடந்து சுமார் ஒன்றரை மணிக்கு முதல் கட்டடம் அப்படியே சாய்ந்து விழுந்தது. பகல் சாப்பாட்டு நேரம். 48 பேர் மாண்டார்கள். தீயணைப்புப் படையினரும் போலீசாரும் இராணுவத்தினரும் பல நாள் இரவு பகலாக இடிபாடுகளைத் தோண்டினார்கள். ஒரு பணிப்பெண்ணும் அவருடைய சின்னக் குழந்தையும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். தங்கள் உயிரைப் பணயம் வைத்து உள்ளே நுழைந்த அந்த மீட்புப் படையினரும் அரசாங்க ஊழியர்கள்தாம். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஏன் விழுந்தது? மேட்டு நிலத்திலிருந்து ஓர் ஓடை வந்தது. அந்த நீரைக் குழாய் வைத்துக் கட்டடங்களுக்கு மேலே உள்ள சரிவின் குறுக்கே திருப்பிவிட்டிருந்தார்கள். சரிவுக்கு வேண்டிய வடிகால் வேலை முழுமையாகச் செய்யப்படவில்லை. மேலே உள்ள நிலங்களில் மரங்களும் அழிக்கப்பட்டன. மழைநீர் மண்ணுக்குள் ஊறியது. தடுப்புச் சுவர்கள் சரிந்தன. சரிந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. மேலிருந்து வரும் பாரத்தை மட்டும் தாங்குவதற்காக இரும்புத் தண்டவாளத் துண்டுகளை ஊன்றிப் போட்ட அடித்தளம் அது. பக்கத்திலிருந்து வந்த தள்ளலைத் தாங்க முடியவில்லை.

அன்பர்களே, அங்கே குடியிருந்தவர்கள் ஓரளவு வசதி படைத்தவர்கள். படித்தவர்கள், சொந்தமாக வீடு வாங்கியவர்கள். அவர்கள் வாங்கிய வீட்டுக்குப் பிளான் இருந்தது, முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அந்தக் காகிதம் சொன்னது. காகிதத்தை நம்பித்தான் குடி போனார்கள். வசதியுள்ளவர்களுக்கே காகிதம் காவல் இல்லை என்றால், லயத்து வீட்டிலும் மலிவு விலை அடுக்குமாடியிலும் குடியிருக்கும் நமக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீதிமன்றம் கண்ட உண்மை

விழாமல் நின்ற மற்ற இரண்டு கட்டடங்களில் இருந்தவர்களும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களில் 73 பேர் 1996இல் வழக்குத் தொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் உயர்நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் தீர்ப்பு வழங்கினார். பிளான் வரைந்தவர் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு உரிய தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்லர், வரைவாளராகப் பதிவு பெற்றவர் என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. வடிகால் வேலையில் ஒரு சிறு பகுதிதான் முடிந்திருந்த நிலையில், வேலை முடிந்ததாகப் பொறியாளர் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்ததும் வெளிவந்தது.

நீதிபதி பொறுப்பை நூறு பங்காக வைத்துப் பிரித்தார். கட்டடம் எழுப்பிய நிறுவனத்துக்கு 15, பிளான் வரைந்தவருக்கு 10, பொறியாளருக்கு 10, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15, பக்கத்து மேட்டு நிலத்தின் சொந்தக்காரரான நிதி நிறுவனத்துக்கு 30, இன்னொரு நிலத்துக்குச் சொந்தமான நிறுவனத்துக்கும் அதன் திட்ட நிர்வாகிக்கும் சேர்த்து 20.

இந்தக் கணக்கை மாணவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். கூட்டினால் நூறு வருகிறது. ஆனால் நூறும் எந்த ஒருவரிடத்திலும் இல்லை. இந்தப் பட்டியலில் யாரும் 48 பேரைக் கொல்ல வேண்டுமென்று நினைத்தவர் இல்லை. ஒருவர் அளவு எடுக்கவில்லை. ஒருவர் போய்ப் பார்க்கவில்லை. ஒருவர், 'மற்றவர் பார்த்திருப்பார்' என்று விட்டுவிட்டார். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடமையைக் குறைத்தார்கள். குறைந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மலைச்சரிவாக வந்தது.

சட்டத்தின் கேடயம்

கதை அதோடு முடியவில்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 95ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு என்று ஒன்று உண்டு. கட்டடப் பிளானை அனுமதித்ததற்காகவோ கட்டடத்தைச் சோதித்ததற்காகவோ மாநில அதிகாரத் தரப்பையும் ஊராட்சி மன்றத்தையும் அதன் அதிகாரிகளையும் வழக்குக்கு இழுக்க முடியாதபடி அது காக்கிறது. உயர்நீதிமன்றமும் இதை மறுக்கவில்லை. கட்டடம் விழுவதற்கு முந்தைய குறைகளுக்கு நகராண்மைக் கழகத்தை அந்தப் பிரிவு காக்கிறது, விழுந்த பிறகும் வடிகாலைச் சீர்செய்யாமல் விட்டதற்குத்தான் பொறுப்பு என்றது. மேல்முறையீடுகள் நடந்தன. 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், விழுவதற்கு முன்னும் சரி, விழுந்த பின்னும் சரி, நகராண்மைக் கழகம் நட்ட ஈடு கொடுக்கக் கடமைப்பட்டது அல்ல என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்புக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஊராட்சி மன்றத்தின் பணம் ஊர்ப்பணம். குப்பை அள்ளவும் கால்வாய் வெட்டவும் உள்ள பணத்தைச் சிலருடைய நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டால் மற்ற மக்களின் தேவைகளை யார் கவனிப்பது என்பது அந்தக் காரணம். இதில் நியாயமே இல்லையென்று தள்ளிவிட முடியாது. சட்டம் என்ன சொல்கிறதோ அதைத்தான் நீதிமன்றம் சொல்லும்.

ஆனால் சட்டம் கேடயம் கொடுத்துவிட்டது என்பதற்காக மனச்சாட்சியும் விடுதலை கொடுத்துவிடுமா? இதற்கு விடை தேட வேறெங்கும் போக வேண்டாம். நம் பிள்ளைகள் பள்ளிச் சபைகூடலில் சொல்லும் ருக்குன் நெகாராவிலேயே இருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஐந்து கோட்பாடுகளில் நான்காவது, சட்டத்தின்படி நடப்பது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நிறுத்தவில்லை. ஐந்தாவதாக நன்னடத்தையும் ஒழுக்கமும் என்று வைத்தார்கள். சட்டம் எட்டாத இடத்துக்கு ஒழுக்கம் போக வேண்டும் என்பதற்காகவே இந்த ஐந்தாவது கோட்பாடு. அதிகாரியின் வேலை நான்காவதில் தொடங்கி ஐந்தாவதில்தான் நிறைவு பெறுகிறது.

நம் முன்னோர் காட்டிய வழி

சிலப்பதிகாரக் கதையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பாண்டிய மன்னன் கொடியவன் அல்லன். ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லை நம்பி, ஆராயாமல், அவசரத்தில் ஓர் ஆணை கொடுத்தான். இன்றைய பேச்சில் சொன்னால், போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். கோவலன் உயிர் போயிற்று. கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியபோது, 'காவலர்கள் செய்த பிழை, பொற்கொல்லன் சொன்ன பொய்' என்று அவன் யார்மேலும் பழி போடவில்லை. பிழை தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டு அரியணையிலேயே உயிர் நீத்தான். அரசனை வழக்குக்கு இழுக்கச் சட்டம் ஏது? ஆனாலும் பதில் சொன்னான். அதனால்தான் தவறு செய்த அந்த மன்னனையும் தமிழ் உலகம் மரியாதையோடு நினைக்கிறது.

இன்னொன்று, இது கல்லிலே வெட்டிய வரலாறு. தமிழ்நாட்டில் உத்திரமேரூர் என்ற ஊரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உண்டு. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடத்தில் ஓலை போட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியையும் தண்ணீரையும் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் என்று பிரித்து வைத்தார்கள். யார் வாரியத்துக்கு வரலாம், யார் வரக்கூடாது என்று விதி எழுதினார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவருக்கு மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே, கணக்குக் காட்டாதவன் பதவிக்குத் தகுதியில்லாதவன் என்று கல்லில் வெட்டி வைத்த மரபு நம்முடையது. வள்ளுவரும் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரத்தையே, வேலைக்குத் தக்கவரை ஆராய்ந்து வைப்பதற்காக ஒதுக்கினார்.

பின்னர் நடந்தவை

ஹைலண்ட் டவர்ஸ் துயரத்துக்குப் பிறகு நாடு சும்மா இருந்துவிடவில்லை. 1994இல் ஸ்மார்ட் என்ற சிறப்பு மீட்புப் படை அமைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், கட்டடம் குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழை ஊராட்சி மன்றம் கொடுக்கும் முறை மாறி, அந்த வேலையை மேற்பார்த்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தம் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் முறை வந்தது. யார் கையெழுத்து என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லலாம்.

இருந்தும், 2002 நவம்பர் 20இல் அதே வட்டாரத்துத் தாமான் ஹில்வியூவில் மண் சரிந்து ஒரு பங்களா விழுந்தது, 8 பேர் இறந்தார்கள். 2006 மே 31இல் கம்போங் பாசிரில் 4 பேர். 2008 டிசம்பர் 6ஆம் நாள் விடியற்காலையில் புக்கிட் அந்தாராபங்சாவில் 14 வீடுகள் சிதைந்தன, அங்கும் உயிர்கள் போயின. சட்டம் திருத்தலாம், முறையை மாற்றலாம். போய்ப் பார்க்க வேண்டிய கால்களும் உண்மையை எழுத வேண்டிய கையும் மனிதருடையவை. அந்த மனிதர் சரியாக இருந்தால்தான் முறையும் சரியாக இருக்கும்.

பெற்றோர்களுக்கும் பாட்டாளிகளுக்கும்

அதிகாரிகளை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு.

முதலாவது, காப்பிக்காசு. "ஐயாவுக்கு ஒரு அம்பது வெள்ளி வெச்சுக் குடுத்தா வேலை சீக்கிரம் முடியும்" என்று சொல்கிற ஆள் எல்லா இடத்திலும் இருப்பார். அந்த ஐம்பது வெள்ளி நம் வேலையை முடிக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கொடுக்க முடியாத அடுத்த வீட்டு ஏழையின் வேலையை அது நிறுத்துகிறது. 1967இல் ஊழல் தடுப்பு நிறுவனம் ஏற்பட்டது. 2009 முதல் அது மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் ஆயிற்று. அந்த ஆணையத்தின் சட்டப்படி வாங்குவது மட்டும் குற்றம் அல்ல, கொடுப்பதும் குற்றம். லஞ்சம் கேட்கப்பட்டவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். தெரியாமல் கொடுத்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது, எழுத்து. வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். கால்வாய் அடைத்துக்கொண்டதா? வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வெடிப்புத் தெரிகிறதா? சுவர் முன்னால் சாய்கிறதா? ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி போடுங்கள். கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முகப்பில் பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதத் தெரியும். அதற்காகத்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம்!

மூன்றாவது, பயம். "நாம கேட்டா கோவிச்சுக்குவாங்க" என்று நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. மரியாதையாகக் கேட்டால் நல்ல அதிகாரி கோபிக்க மாட்டார். அவருக்கே அது துணை. அதிகாரிகளின் மேல் உள்ள குறைகளைக் கேட்பதற்காகவே 1971இல் அரசாங்கம் பொதுப் புகார் பிரிவை ஏற்படுத்தியது. குறை சொல்லும் உரிமையை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கும்போது நாம் ஏன் தலையைக் குனிய வேண்டும்?

மாணவச் செல்வங்களே!

இன்று பரிசு வாங்கும் கைகளில் சில நாளை அரசாங்கப் பேனாவைப் பிடிக்கும். ஒருவர் நில அலுவலகத்தில் உட்காரலாம். ஒருவர் பதிவு இலாகாவில் உட்காரலாம். ஒருவர் பொறியாளராகி மலைச்சரிவுக்குப் போகலாம். அப்போது மூன்று காரியங்களை நினைவில் வையுங்கள்.

பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதாதீர்கள். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் சரி, நண்பர் கேட்டாலும் சரி, நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை, சப்பாத்தில் சேறு படட்டும்.

தவறு நேர்ந்தால் அடுத்தவரைக் காட்டாதீர்கள். அந்த நூறு பங்குக் கணக்கில் உங்கள் பங்கு பத்தே என்றாலும், அந்தப் பத்துக்கு நீங்கள்தான் சொந்தக்காரர்.

முகப்பில் வந்து நிற்கும் கிழவியின் கையில் கசங்கிய காகிதம் இருந்தால், முகம் சுளிக்காதீர்கள். "உட்காருங்க அம்மா, என்ன வேணும்?" என்று கேளுங்கள். அவர் உங்கள் அம்மாவாக இருந்திருக்கலாம். உங்களைப் படிக்க வைக்க இரவல் வாங்கி, பால் வாளி தூக்கி, அரைப் பேர் விழுந்தாலும் உங்களைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் எத்தனை முகப்புகளில் காத்து நின்றாரோ! அந்தக் காத்திருப்பை அடுத்தவர் தாய்க்குக் கொடுக்காமல் இருப்பதுதான் நீங்கள் அவருக்குச் செய்யும் நன்றி.

இந்தப் பழக்கத்துக்குப் பதவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வகுப்புத் தலைவரிடம் வருகைப் பதிவு இருக்கிறது. வராத நண்பனை வந்ததாக எழுதச் சொல்லி ஒருவன் கேட்பான். "முடியாதுடா" என்று சொல்லிப் பழகுங்கள். கூட்டுறவுக் கடையில் காசு வாங்கும் மாணவன் பத்துக் காசு கூடினாலும் குறைந்தாலும் ஆசிரியரிடம் சொல்லிப் பழகட்டும். சின்ன நோட்டில் சரியாக எழுதிய கைதான் பெரிய நோட்டிலும் சரியாக எழுதும்.